கிண்ணத்துக்குக் குனியாத நாய்

தூத்துக்குடியில் ஒரு வீட்டு நாய் சோற்றுக் கிண்ணத்தின் முன் வந்து நின்று, மோந்து பார்த்து, வாலையும் ஆட்டிவிட்டு, வாயை மட்டும் வைக்காமல் திரும்பிப் போனால் வீட்டாருக்கு முதலில் எழும் சந்தேகம் முள். மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு நாய்க்கும் ஒரு பங்கு போகிற ஊர் இது. திரேஸ்புரத்துக் கரையில் மீன் கழிவுக்காகத் திரியும் நாய்கள் என்றால் தூண்டில் முள்ளே தொண்டையில் மாட்டியிருக்கக்கூடும். ஆகவே, "முள்ளு ஏதும் மாட்டிருக்கான்னு பாருங்க டாக்டர்" என்று தூக்கிக்கொண்டு வருவதில் தவறில்லை. பார்த்தால் முள் இல்லை. ஆனால் முகவாயைப் பிடித்துத் தலையைச் சற்றே நிமிர்த்தியதும் நாய் வீறிட்டு அலறுகிறது. அதே கிண்ணத்தை ஒரு முக்காலியின் மேல் வைத்தால் மிச்சம் வைக்காமல் தின்கிறது.

பசி இருக்கிறது, விழுங்கவும் முடிகிறது. குனியத்தான் முடியவில்லை. கோளாறு தொண்டையில் இல்லை. அதற்குப் பின்னால், கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கிறது.

இரண்டாவது ஊகம் சுளுக்கு. தென் மாவட்டங்களில் சுளுக்கு எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. எண்ணெய் போட்டு நீவி, கடைசியில் எதிர்பாராத நொடியில் கழுத்தை ஒரு திருப்புத் திருப்பிவிடுவார்கள். மனிதர்களுக்கு அது நல்லதா என்ற விவாதத்தை எலும்பு மருத்துவர்களிடம் விட்டுவிடுவோம். நாய்க்கு அது கூடவே கூடாது. குனிய மறுக்கும் நாயின் கழுத்தில் டிஸ்க் பிதுங்கியிருந்தால், அந்த ஒரு திருப்பு வலியைக் கால்களின் முடக்கமாக மாற்றிவிடும்.

நாயின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் 7, எலிக்கும் 7, நமக்கும் 7. முதல் இரண்டுக்கும் நடுவே டிஸ்க் கிடையாது. அது தலையைத் திருப்புவதற்கான மூட்டு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் தொடங்கி, ஏழாவதுக்கும் மார்பின் முதல் முள்ளெலும்புக்கும் இடையில் முடிய, ஆறு டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் தண்ணீர் மிகுந்த, கொழகொழப்பான கரு. அதைச் சுற்றி அடுக்கடுக்காக நார் வளையம். இந்த வளையம் எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. தொண்டைப் பக்கம் தடிமனாகவும் தண்டுவடப் பக்கம் மெல்லியதாகவும் இருக்கிறது. அழுத்தம் மிகும்போது மெல்லிய பக்கம்தான் கிழியும். கரு தண்டுவடத்தின் மேல்தான் பிதுங்கும். சின்ன இன நாய்களில் பெரும்பாலும் முதலில் கெடுவது இரண்டு, மூன்றாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்.

நல்ல டிஸ்க் எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே வெறும் இருட்டு இடைவெளியாகத்தான் விழும். ஆனால் குட்டைக்கால் இன நாய் ஒன்றை எக்ஸ்ரே எடுத்தால் சில இடைவெளிகளில் வெண்ணிற மணி போல ஒன்று உட்கார்ந்திருக்கும். மன்னார் வளைகுடாக் கரையில் வாழ்கிறவர்களுக்கு அதைப் பார்த்ததும் முத்து நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்று தெரிந்துகொள்ள முத்தையும் எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்கிறார்கள். இரண்டிலும் ஒளியை மறிப்பது கால்சியம். ஒற்றுமை அத்துடன் முடிகிறது. முத்து கால்சியம் கார்பனேட். உயிருள்ள சிப்பியின் மேலுறைத் திசு, படலத்தின் மேல் படலமாக ஒழுங்கோடு அடுக்குவது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சாமி குழுவினர் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்துகளை எடுத்தது, அந்தத் திசுவின் ஒரு துண்டைக் கருவோடு சேர்த்துச் சிப்பிக்குள் பதித்துத்தான். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த முத்து அது. டிஸ்க்கில் ஏறுவதோ கால்சியம் பாஸ்பேட். அதை யாரும் அடுக்குவதில்லை. தண்ணீரை இழந்து, உயிரணுக்கள் மடிந்துகொண்டிருக்கும் கருவில் அது தானாகப் படிகிறது. எக்ஸ்ரேயில் மணி தெரிந்தால் அந்த டிஸ்க் எப்போதோ கெட்டுப்போய்விட்டது என்று பொருள். இன்றைய வலிக்கு அதுதான் காரணம் என்று பொருளல்ல. இன்று வலிக்கிற டிஸ்க்கின் மணி இடத்தைவிட்டு மேலே போயிருக்கும், அல்லது அங்கே மணியே தெரியாது. தண்டுவடமும் எக்ஸ்ரேயில் விழுவதில்லை. உறுதியாகச் சொல்ல சிடி ஸ்கேனோ எம்ஆர்ஐயோ வேண்டும்.

டிஸ்க் இரண்டு விதமாகக் கெடுகிறது என்று பிரித்துக் காட்டியவர் சுவீடனின் ஹான்ஸ்-ஜோர்கன் ஹான்சன். இறந்த நாய்களின் முதுகெலும்புகளை அறுத்துப் பார்த்து அவர் 1952-இல் வெளியிட்ட ஆய்வின் பிரிவினையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். முதல் வகையில் கரு இளம்வயதிலேயே வறண்டு சுண்ணாம்பேறி, ஒருநாள் வளையத்தைக் கிழித்துக்கொண்டு வெடித்து வெளியேறும். இரண்டாம் வகையில் வயதான பெரிய நாய்களில் வளையமே மெல்ல மெல்லத் தடித்துப் புடைத்து அழுத்தும்; டாபர்மேன் தள்ளாடுவதற்குப் பின்னால் இது அடிக்கடி இருக்கும். இந்த அத்தியாயத்தின் நாயகன் முதல் வகை. டாஷ்ஹண்ட், பீகிள், ஷிட்சு, பெக்கினீஸ், காக்கர் ஸ்பேனியல், பிரெஞ்சு புல்டாக் ஆகியவற்றின் நோய் அது.

ஏன் இவை மட்டும்? ஜெர்மனியில் வளைக்குள் பதுங்கும் விலங்கைத் துரத்திப் பிடிப்பதற்காக டாஷ்ஹண்டைக் குட்டையாக்கினார்கள். குட்டைக் காலுக்குக் காரணம் எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் உபரிப் பிரதி என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். 2017-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் டனிகா பன்னாஷ் குழுவினர் அதே மரபணுவின் இன்னொரு உபரிப் பிரதியை 12-ஆவது குரோமோசோமில் கண்டார்கள். டிஸ்க் நோயோடு நேரடியாகப் பிணைந்தது இதுதான். குருத்தெலும்பின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் சமிக்ஞை மிகையாகப் போவதால் காலும் குட்டையாகிறது, டிஸ்க்கும் முன்னதாகவே முதுமை அடைகிறது. ஒரு வயதுக்குள்ளேயே கரு தன் கொழகொழப்பை இழக்கத் தொடங்கிவிடும். டாஷ்ஹண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வாழ்நாளில் ஒருமுறையாவது டிஸ்க் நோயால் அவதிப்படுகிறது.

இதே மாவட்டத்தின் வடக்கே, கோவில்பட்டிக் கரிசல் காட்டில், நேர் எதிரான வேட்டை நாய் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் திறந்தவெளியில் முயலை ஓடியே பிடிப்பதற்காக உருவானவை. நீண்ட கால், ஒட்டிய வயிறு, நீளக் கழுத்து. முயல் வேட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதால் இன்று அவை பெரும்பாலும் காவலுக்கும் கண்காட்சிக்கும்தான். ஆனால் அந்த உடலமைப்பு அப்படியே இருக்கிறது. நெடுங்கால் இனங்களின் டிஸ்க் கரு நடுத்தர வயது தாண்டியும் ஈரப்பதத்தோடு இருப்பது வழக்கம். கடற்கரை ஊரின் அடுக்குமாடி வீடுகளில் இடம் குறைவு, ஆகவே சின்ன நாய் என்று ஷிட்சுவையும் பீகிளையும் வாங்குகிறவர்கள் நாயோடு சேர்த்து அந்த 12-ஆவது குரோமோசோமையும் வாங்குகிறார்கள். விற்கிறவர் அதைச் சொல்வதில்லை. அவருக்கே தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

டிஸ்க் நோய் பெரும்பாலும் தாக்குவது முதுகின் நடுவையும் இடுப்பையும்தான். கழுத்தில் வருவது ஏறத்தாழ ஏழில் ஒன்று. ஆனால் கழுத்து நோயின் குணம் வேறு. முதுகில் கரு வெடித்தால் நாய் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரும். கழுத்தில் வெடித்தால் பெரும்பாலும் வலி மட்டும்தான் வரும். கொடூரமான வலி. காரணம் எளிமையானது: கழுத்தில், குறிப்பாக மேற்பகுதியில், தண்டுவடம் போகும் குழாய் அகலமானது. முதுகில் அந்தக் குழாயைத் தண்டுவடம் கிட்டத்தட்ட அடைத்துக்கொண்டு போகிறது. கழுத்தில் விலகிக்கொள்ள இடம் இருக்கிறது. பிதுங்கிய கரு பக்கவாட்டில் நழுவி நரம்பு வேரை நெருக்கும்போது நாய் ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டே நிற்கும். காலில் முள் குத்தியிருக்கிறதா என்று பாதத்தைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வலியின் ஊற்று கழுத்தில்.

அறுவை இல்லாமல் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு முழு அடிப்படையும் இந்த இடைவெளிதான். நசுங்காத தண்டுவடத்தைக் காப்பாற்ற எலும்பைத் துளைக்க வேண்டிய அவசரம் இல்லை. பிதுங்கியதை உடலே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கக்கூடும்: அன்னியப் பொருளைக் கண்ட ரத்த வெள்ளணுக்கள் படையெடுத்து வந்து கருவின் துணுக்குகளை விழுங்குவது மனிதர்களின் ஸ்கேன்களில் நன்றாகப் பதிவாகியிருக்கிறது, நாய்களிலும் சில பதிவுகள் உண்டு. கிழிந்த நார் வளையம் தழும்பாகி மூடவும் வேண்டும். டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் ஏறக்குறைய இல்லாததால் இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். அதற்குத் தேவைப்படும் காலம்வரை கழுத்தை யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை. மருந்து அதற்குத் துணை.

அதற்கு முன், இது டிஸ்க்தானா? நம் ஊரில் இந்தக் கேள்வியை அவசரமாகத் தாண்டக் கூடாது. திடீரென்று நடை தள்ளாடி, குரைப்பு மாறி, தாடை தொங்கி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல் திணறும் நாய்க்கு முதலில் நினைக்க வேண்டியது வெறிநோய். அதன் முடக்குவகை ஆர்ப்பாட்டம் இல்லாமல் வரும். தடுப்பூசி போட்ட விவரம் தெரியாத நாயின் வாய்க்குள் முள்ளைத் தேடிக் கைவிடுவது உயிரோடு விளையாடுவது. விட்டிருந்தால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். டிஸ்க் நாய் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்: அறிவு தெளிவு, பசி சரி, விழுங்கல் சரி, தலையைத் தாழ்த்தி, கழுத்தைக் கட்டைபோல் விறைத்துக்கொண்டு, அழைத்தால் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டுமோ முழு உடம்பையுமோ திருப்பும். கழுத்துத் தசைகள் தானாகத் துடிக்கும்.

இன்னொரு வேடதாரி உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட பீகிள் கழுத்து வலியில் அலறுகிறது, காய்ச்சலும் அடிக்கிறது என்றால் அது தண்டுவட உறையின் அழற்சியாக இருக்கலாம். அந்த நோய்க்கு ஸ்டீராய்டுதான் மருந்து, அதுவும் மாதக்கணக்கில். டிஸ்க் நோய்க்கோ ஸ்டீராய்டு பெரும்பாலும் வேண்டாத விருந்தாளி. அலறல் ஒன்று, மருந்து நேர் எதிர். ஒரு தெர்மாமீட்டர் இந்த இரண்டையும் ஓரளவு பிரித்துவிடும் என்பதால்தான் நல்ல கால்நடை மருத்துவர் கழுத்தைத் தொடுவதற்கு முன் நாயின் பின்புறத்தைத் தேடுகிறார். துறைமுகச் சாலையில் லாரி தட்டிய நாயின் கழுத்தெலும்பு முறிவு, ஈரக்காற்றில் சீழ்பிடித்த காது, உண்ணிக் காய்ச்சல், இவையும் பட்டியலில் இருக்கின்றன.

டிஸ்க்தான் என்று முடிவாகி, நாய் நான்கு காலில் நடக்கிறது என்றும் ஆனால், கூண்டு வாங்க வேண்டும். எழுந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும்; தாவ இடம் இருக்கக் கூடாது. நான்கு வாரம் அதற்குள்தான் வாசம். சிறுநீர், மலத்துக்கு மட்டும் சில நிமிடம் வெளியே. கேட்கக் கொடுமையாக இருக்கும். "நாலு வாரமா? பாவம் டாக்டர், ஒரு வாரத்தோட விட்ருவோமே" என்று பேரம் நடக்கும். அறைக்குள் அடைத்துவைத்தால் போதாதா என்றால் போதாது. அறையில் கட்டில் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே அணில் இருக்கிறது.

தூத்துக்குடி வெயிலில் கூண்டை எங்கே வைப்பது என்பது பாடநூல் சொல்லாத கேள்வி. மொட்டை மாடியும் தகரக் கூரையின் கீழும் ஆகாது. மூக்குச் சப்பையான இனங்கள் வெக்கையில் மூச்சிரைத்தே செத்துவிடும். வீட்டார் நடமாடும் கூடத்தில், மின்விசிறிக் காற்று படும் மூலையில் வைப்பதே சரி. மின்சாரம் போனால் ஈரத்துணி போடலாம். அடியில் சாக்கை நாலாக மடித்துப் போட வேண்டும். கூண்டிலிருந்து வாசல்வரை தென்னைநார் விரிப்போ பழைய ஜமுக்காளமோ விரித்துவைக்க வேண்டும். டைல்ஸ் தரையைப்போல நாயின் கழுத்துக்குப் பகை வேறொன்றில்லை. முன்கால் வழுக்கும் ஒவ்வொரு முறையும் கழுத்து வெட்டி இழுபடுகிறது. கிண்ணமும் தண்ணீரும் நெஞ்சு உயரத்தில். தூக்குவதாக இருந்தால் ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்புறத்துக்கடியில், முதுகு தரைக்கு மட்டமாக. பிள்ளையைத் தூக்குவதுபோல் அக்குளைப் பிடித்துத் தூக்குவது கூடாது.

கழுத்துப்பட்டையைக் கழற்றி எறிந்துவிடலாம். நம் வீடுகளில் நாய் என்றால் வாசலில் சங்கிலி. தபால்காரர் வந்ததும் நாய் பாய்கிறது, சங்கிலி தீரும் இடத்தில் அத்தனை வேகமும் கழுத்தில் போய் முட்டுகிறது. நாளைக்குப் பத்து முறை. இது டிஸ்க் நோயை உண்டாக்கும் என்று சொல்ல மாட்டேன். கெட்டுப்போன டிஸ்க்கை வெடிக்கவைக்க இதைவிட நல்ல கருவி கண்டுபிடிக்க முடியாது என்று மட்டும் சொல்வேன். நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை எல்லா வளர்ப்புப் பிராணிக் கடையிலும் கிடைக்கிறது. குணமான பிறகும் அதுதான், வாழ்நாள் முழுக்க. மருத்துவரிடம் போகும்போது ஸ்கூட்டரின் முன்தட்டில் நாயை நிறுத்திக்கொண்டு போகும் ஊர்ப் பழக்கத்தையும் இந்த நான்கு வாரம் மறந்துவிட வேண்டும். ஆட்டோவில், பெட்டியில் படுக்கவைத்து, வேகத்தடையில் மெதுவாக.

ஒத்தடம் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். உப்பளத்து ஊரில் உப்பை வறுத்துத் துணியில் கட்டி வைக்கிற ஒத்தடம் எல்லோருக்கும் தெரியும். விறைத்த தசையை இளக்க மிதமான சூடு நல்லதுதான், ஆனால் முதல் சில நாட்கள் கழிந்த பிறகு. அதற்கு முன் குளிர்ச்சியே மேல். முடிக்கு அடியில் தோல் சிவப்பது நமக்குத் தெரியாது, நாயும் சொல்லாது. முதலில் நம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, பொறுக்கும் சூடு என்றால் மட்டும், ஒரு துண்டைக் குறுக்கே போட்டு வைக்கலாம். தேய்ப்பதும் நீவுவதும் வேண்டாம்.

கடல் குளியல்? இடுப்பு, மூட்டு நோய்களுக்கு நீச்சல் நல்ல பயிற்சி என்று படித்துவிட்டு முத்துநகர் கடற்கரைக்கு அழைத்துப் போக நினைப்பவர்கள் உண்டு. நீந்தும் நாயைப் பக்கவாட்டில் கவனித்திருக்கிறீர்களா? மூக்கு நனையாமல் இருக்கத் தலையைத் தூக்கிக் கழுத்தை மேல்நோக்கி வளைத்தபடியே நீந்தும். எந்த அசைவில் அலறுகிறதோ அதே அசைவு. கழுத்து நோய்க்கு நீச்சல் ஆகாது. காலிழுக்கும் புதைமணலும் இந்த வாரங்களில் ஆகாது.

இனி மருந்து. மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென் போன்ற ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகள் முதலிடம். நரம்பு வலிக்கு காபாபென்டின், தசை இறுக்கத்துக்கு மெத்தோகார்பமால் சேரும். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும். வீட்டு அலமாரியில் இருக்கும் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் நாயின் குடலைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றதற்காக 2006-இல் கால்நடைப் பயன்பாட்டில் தடை செய்யப்பட்ட அதே டைக்ளோஃபெனாக்தான். ஸ்டீராய்டையும் அழற்சி நீக்கியையும் ஒன்றாகக் கொடுப்பது இரைப்பையில் ஓட்டை விழும் அளவுக்குப் போகும். மலம் கறுத்தால் மருந்தை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். ஒரு மருத்துவர் ஊசி போட்டார், பலன் தெரியவில்லை, இன்னொருவரிடம் போகிறோம் என்றால் முதல் ஊசி என்ன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போவது நாய்க்குச் செய்யும் பெரிய உதவி. பி12 ஊசியை நரம்புக்குச் சத்து என்று போடுவது பரவலாக நடக்கிறது. பிதுங்கிய டிஸ்க்கை அது எதுவும் செய்துவிடாது.

மருந்தின் வெற்றியில்தான் சிகிச்சையின் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வலி அடங்கும். நாய் வாலாட்டும், கூண்டைப் பிறாண்டும், பந்தைக் கேட்கும். வீட்டார் நெகிழ்ந்து கதவைத் திறந்துவிடுவார்கள். வளையத்தின் கிழிசல் அன்று முதல் நாள் இருந்ததைப் போலவே இருக்கிறது. அதைக் காக்கும் ஒரே காவலனாகிய வலியை மட்டும் நாம் அனுப்பிவைத்துவிட்டோம். சோபாவிலிருந்து ஒரு குதி. மிச்சக் கரு மொத்தமும் வெளியே. "ஊசி போட்டதும் எழுந்து ஓடினான், மறுநாள் நாலு காலும் விழுந்துட்டு" என்று சொல்லப்படும் கதைகளில் ஊசிக்கும் விழுந்ததற்கும் நடுவே நடந்தது பெரும்பாலும் இதுதான். கூண்டு இல்லாமல் வலிமருந்து மட்டும் கொடுப்பதைவிட எதுவும் கொடுக்காமல் இருப்பது மேல் என்று வாதிடக்கூட இடமுண்டு. ஆனால் வலியில் துடிக்கும் உயிரை அப்படியே விடுவதும் மருத்துவமல்ல. கூண்டு, மருந்து, இரண்டும் சேர்ந்தே தொடங்க வேண்டும். மருந்து முதலில் முடியும், கூண்டு கடைசியில்.

எத்தனை நாய்கள் இப்படிக் குணமாகின்றன? டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் லெவைனும் கூட்டாளிகளும் 2007-இல், கழுத்து டிஸ்க் என்று கருதி அறுவையின்றிப் பார்க்கப்பட்ட 88 நாய்களின் கதையைத் தொகுத்தார்கள். 48.9 சதவீதம் நல்லபடியாகத் தேறின. 33 சதவீதத்துக்கு வலி திரும்பி வந்தது. 18.1 சதவீதத்தில் சிகிச்சை தோற்றது. ஆரம்பத்தில் நரம்புக் குறைபாடு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல பலன். அழற்சி நீக்கி பெற்றவை மேலாகத் தேறின; ஸ்டீராய்டு பெற்றவற்றில் அந்த அனுகூலம் தெரியவில்லை.

அதே ஆய்வில் நெருடலான ஒன்றும் இருக்கிறது. கூண்டு ஓய்வின் கால அளவுக்கும் பலனுக்கும் தொடர்பு தென்படவில்லை. அப்படியானால் இவ்வளவு நேரம் கூண்டுக்காக வாதாடியது எதற்கு? நாய் உண்மையில் எத்தனை மணிநேரம் அடைபட்டிருந்தது என்பதை உரிமையாளரின் வாய்மொழியை வைத்துத்தான் அறிய முடியும். ஓய்வு என்ற சொல்லுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பொருள். அந்த 88 நாய்களில் எல்லாவற்றுக்கும் டிஸ்க் நோய்தான் என்று ஸ்கேன் எடுத்து உறுதி செய்யவும் இல்லை. முதுகு டிஸ்க் நோய்க்காக அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைந்தது நான்கு வாரம் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. தழும்பு கூடும் காலத்தை வைத்துப் பார்த்தால் அது நியாயமான கணக்கு. கழுத்துக்கும் அதையே எடுத்துக்கொள்கிறோம். நிரூபணம் முழுமையானதல்ல, மாற்றுவழி இதைவிட மோசம்.

கத்தி இல்லாமல் டிஸ்க்கைக் கரைத்துவிடும் கனவும் ஒருகாலத்தில் இருந்தது. கதை பப்பாளியில் தொடங்குகிறது. ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைச் சேர்த்து வேகவைப்பது நம் சமையலறை அறிந்ததுதான். பப்பாளிப் பாலிலுள்ள நொதி இறைச்சியை இளக்கும். 1956-இல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அந்த நொதியை முயல்களின் ரத்தத்தில் ஏற்றினார். விறைத்து நின்ற காதுகள் துவண்டு தொங்கின. சில நாட்களில் மீண்டும் நிமிர்ந்தன. குருத்தெலும்பின் பசை கரைந்து, பிறகு மறுபடி ஊறியிருக்கிறது. இதைப் படித்த லைமன் ஸ்மித் என்ற எலும்பு மருத்துவர், பப்பாளியின் இன்னொரு நொதியான கைமோபப்பைனை டிஸ்க்குக்குள் செலுத்தினால் கரு கரையுமே என்று யோசித்தார். 1964-இல் மனிதர்களுக்கு அவர் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளிவந்தன. அதே ஆண்டு நாய்களின் டிஸ்க் நோய்க்கு அதைப் பயன்படுத்திய அறிக்கையும் வந்தது. 1982-இல் அமெரிக்க அரசு மனிதர்களுக்கு அனுமதி கொடுத்தது. சிலருக்கு உயிர்போகும் ஒவ்வாமை, சிலருக்குத் தண்டுவடச் சேதம் என்று புகார்கள் வர, விற்பனை தேய்ந்து மறைந்தது. நாய்களில் வேறு சிக்கல்: வலி தெரியும் நேரத்தில் கரு டிஸ்க்கைவிட்டு வெளியேறித் தண்டுவடத்தின் மேல் கிடக்கிறது. அங்கே நொதியைச் செலுத்த யாருக்குத் துணிவு வரும்? பாக்டீரியாவிலிருந்து எடுத்த கொண்டோலியேஸ் என்ற நொதிக்கு, மனித இடுப்பு டிஸ்க்குக்காக, ஜப்பான் 2018-இல் அனுமதி தந்திருக்கிறது. ஆகவே கனவு இன்னும் கலையவில்லை.

அக்குபஞ்சர், லேசர் ஒளி ஆகியவற்றை வலி குறைக்கும் துணையாகச் சில மருத்துவமனைகள் பயன்படுத்துகின்றன. தீங்கு குறைவு, சான்றும் குறைவு. கூண்டுக்கு மாற்றாக அவற்றை யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தொடங்கக் கூடாத சிகிச்சை இது. நாய் பாதத்தைப் புரட்டி வைத்து, பாதத்தின் மேற்புறத்தால் தரையைத் தேய்த்து நடந்தால் அது வெறும் வலி அல்ல, தண்டுவடம் நசுங்குகிறது. எழுந்து நிற்க முடியாவிட்டாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் வயிறு உப்பினாலும் அன்றே மேல்சிகிச்சை தேட வேண்டும். மூச்சுவிடும் தசையை இயக்கும் நரம்பு நாயின் கழுத்தின் பின்பாதியிலிருந்துதான் கிளம்புகிறது. அங்கே நசுங்கினால் மூச்சே நின்றுபோகலாம். இவை எதுவும் இல்லாமல், சரியாகக் கூண்டில் வைத்து, சரியாக மருந்து கொடுத்தும் இரண்டு வாரத்தில் வலி தணியவில்லை என்றாலோ, குணமாகி மீண்டும் மீண்டும் வந்தாலோ அறுவை பற்றிப் பேசத் தொடங்கலாம். தொண்டைப் பக்கமாகப் போய், மூச்சுக்குழாயை ஒதுக்கி, முள்ளெலும்பில் சின்னப் பள்ளம் தோண்டி, பிதுங்கிய கருவை அள்ளி எடுக்கும் அறுவை அது. நடக்கும் நிலையில் உள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வலி தீர்ந்துவிடுகிறது. அறுவையைத் தோல்வியாகப் பார்க்கும் மனப்பான்மை எனக்கு உடன்பாடில்லை; வலியோடு மூன்றாம் முறை கூண்டுக்குள் போகும் நாய்க்கு நாம் செய்வது கருணையல்ல.

தூத்துக்குடிக்காரர்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கப்பட்டது. சென்னை வேப்பேரியில் இருக்கும், 1903-இல் பிறந்த தாய்க் கல்லூரி 600 கிலோமீட்டர் தள்ளி. போகும் முன் தொலைபேசியில் பேசி, ஸ்கேனும் தண்டுவட அறுவையும் அன்றைக்கு நடக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எக்ஸ்ரே படம், கொடுத்த மருந்துகளின் பெயரும் அளவும், கடைசியாகக் கொடுத்த நேரம், வெறிநோய்த் தடுப்பூசி அட்டை ஆகியவை கையில் இருக்க வேண்டும். மயக்கமருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் தின்னக் கொடுக்கலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள். நாயைப் பின்சீட்டில் விடாமல் கூண்டோடு, இரண்டு பக்கமும் சுருட்டிய போர்வையை அண்டக்கொடுத்து, தலை ஆடாமல் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.